ராசு அண்ணன் விட்ட இடைவெளி

பழைய நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிவிட்டு, "அடுத்து என்ன செய்யணும்?" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்காத புதியவர் இல்லை. ஹெட்டை எதால் துடைப்பது, பெல்ட் எங்கே கிடைக்கும், எந்தக் கேசட் நல்லது என்பதையெல்லாம் குழுவில் மற்றவர்கள் பொறுமையாகச் சொல்லிவிடுகிறார்கள். அதையே நானும் எழுதப்போவதில்லை. மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது நாம் செய்யும் தவறைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது இருபத்தெட்டு. உட்கார்ந்து அனுபவம் பேசும் வயதில்லை, தெரியும். ஆனால் அடுத்தவர் பாட்டைப் பதிவுசெய்யும் வேலையை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏன் விட்டாய் என்று தனியாகக் கேட்டவர்களிடம் நேரமில்லை என்றேன், மோட்டார் போய்விட்டது என்றேன், வேறு வேலை கிடைத்துவிட்டது என்றும் ஒருவரிடம் சொன்னேன். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டு மாடி அறையில் துணி போர்த்திக்கொண்டு நன்றாகவே இருக்கிறது.

மேற்கொண்டு புரிய ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷினில் ஒரு கேசட்டில் நான்கு தடங்கள். ஒன்றில் குரல், ஒன்றில் கிட்டார் என்று தனித்தனியாகப் பதியலாம். நான்கும் போதவில்லை என்றால், மூன்று தடங்களில் இருப்பதைக் கலந்து நான்காவதில் ஒன்றாக இறக்கிவிட்டு, அந்த மூன்றின் மேலும் புதிதாகப் பதியலாம். பவுன்ஸ் என்போம். மேலே பதிந்த நொடியில் பழையது போய்விடும். கலந்ததை மறுபடி பிரிக்கவும் முடியாது. எனக்கு மெஷினை விற்ற கோயம்புத்தூர்க்காரர் இதை எச்சரிக்கையாகத்தான் சொன்னார். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். "கம்ப்யூட்டர் மாதிரி கிடையாது, இது நம்மள முடிவெடுக்க வைக்கும்" என்று வீடியோ போட்டுப் பேசினேன். உங்களில் சிலர் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் வாங்கினீர்கள். யாருடைய பாட்டில் யார் முடிவெடுப்பது என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

என் அப்பா திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறார். சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து மல்லியும் கனகாம்பரமும் கொண்டுவருபவர் ராசு அண்ணன். ஐம்பது வயது தாண்டியவர். ஆனால் மார்க்கெட்டில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான், எனக்கும் அப்படியே வந்துவிட்டது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் அவர் ஊர்க் கூட்டத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவர். அவர் ஒரு வரி பாடுவார். கூட்டம் பதில் சொல்லும். பதில் எப்போதும் ஒன்றுதான்: "இன்னும் செத்த தூரந்தான்." வரிகள் அவரே கட்டியவை. பக்திப் பாட்டு என்று அடித்துச் சொல்ல முடியாது. பாதி புலம்பல், பாதி நக்கல். "ரெட்டியார்சத்திரம் தாண்டியாச்சு, ரெண்டு கொப்புளம் வந்தாச்சு." "ஒட்டன்சத்திரம் சந்தையில தக்காளிய சீந்த ஆளில்ல." இப்படி நாற்பது வரி. வழியில் என்னென்ன உண்டோ அத்தனையும் அதில் இருக்கும்.

நான் ஒருமுறைகூட அவர்களோடு நடந்ததில்லை. தைப்பூச நேரத்தில் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாகச் சாலையோரம் நீளமாகப் போகும் கூட்டங்களைப் பைக்கில் கடந்து போயிருக்கிறேன், அவ்வளவே.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், தீபாவளி முடிந்த சமயம், ராசு அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. மதுரையில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அட்மிஷன். அதற்கு முந்தைய வியாழக்கிழமை அவரும் அவர் மனைவி பாண்டியம்மா அக்காவும் எங்கள் மாடி அறைக்கு வந்தார்கள்.

"இதென்னப்பு, எங்க கல்யாணத்துக்குச் சீரா வந்த டேப்பு மாதிரி இருக்கு. அதுல நாலு பட்டன்தான். இதுல எதுக்கு இம்புட்டுத் திருகு?" என்றார் அண்ணன். அப்போதே குரல் கரகரவென்று கட்டித்தான் இருந்தது.

"ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒண்ணுண்ணே."

"எங்கிட்ட ஒரு சத்தந்தான் இருக்கு. அதுவும் திங்கக்கிழமை வரைக்குந்தான்."

"வாயக் கழுவுங்க" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "போனுல எடுத்துக்கிட்டாப் போதும்னேன் தம்பி. கேட்டாத்தான? மார்க்கெட்ல உங்கப்பா ஒம் மெஷினப் பத்திச் சொன்னதுலருந்து இதுலதான் பாடுவேன்னு நிக்கிறாரு."

"போன்ல எடுத்தா தகரம் மாதிரி இருக்கும்க்கா" என்றேன்.

இதையும் நான்தான் சொன்னேன்.

அண்ணன் தனக்கு வேண்டியதைத் தெளிவாகவே சொன்னார். "இந்தத் தைக்கு நான் நடந்துருவேன் தம்பி. பாடத்தான் முடியாது. வண்டியில ஸ்பீக்கர் கட்டி இதப் போட்டுவிட்டா கூட்டம் அதுபாட்டுக்குப் போயிரும்." அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. ஆல்பம் கேட்கவில்லை, நினைவுப் பரிசு கேட்கவில்லை.

ஒரே பக்கமாக, இரட்டை வேகத்தில் சுற்றுவதால் அறுபது நிமிடக் கேசட் இந்த மெஷினில் பதினைந்து நிமிடம்தான் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குள் நாற்பது வரியும் அடங்க வேண்டும். ஒரே மூச்சில் பாடினார், நின்றுகொண்டே. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நிறுத்தினார். நிறுத்தினார் என்றால் கொஞ்ச நேரமல்ல. "இன்னும் செத்த தூரந்தான்" என்பதை நிதானமாக இரண்டு முறை சொல்லி முடிக்கும் நேரம். நிறுத்தும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார். நான் அவரைவிட மீட்டர் முள்ளைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், மூச்சு வாங்குகிறது, திரும்பி நின்று சமாளித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

நாற்பதாவது வரி முடிந்தபோது டேப்பில் இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது. அக்கா அவருக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"நல்லா வந்துருக்கா?" என்றார் அண்ணன்.

"அருமைண்ணே. ஞாயித்துக்கிழமை மதுரைக்குப் போறப்ப வந்து கேட்டுட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். குரல் பிரமாதம். போனில் அது கிடைத்திருக்காது, இன்றும் அதை மறுக்க மாட்டேன். ஆனால் வரிக்கு வரி அந்த நீளமான இடைவெளி. அதில் டேப்பின் 'உஸ்' சத்தம் மட்டும். எனக்கு அது ஓட்டையாகத் தெரிந்தது. கூட இன்னொன்றும் தோன்றியது: இதைக் கேட்கிறவர்கள், ராசுவுக்கு மூச்சு போய்விட்டது என்று நினைப்பார்கள். அவர் பலவீனத்தை நான் மறைத்துக் கொடுக்க வேண்டும். இரக்கமும் திறமையும் சேர்ந்து தலைக்கேறினால் ஆள் யாரையும் எதையும் கேட்க மாட்டான். சாணார்பட்டிக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

இரண்டாவது, மூன்றாவது தடங்களில் பதிலை நானே பாடினேன். ஒன்று கீழ் ஸ்தாயி, ஒன்று மேல் ஸ்தாயி. "இன்னும் செத்த தூரந்தான்" என்பதை இழுத்து, நெளித்து, இடைவெளி முழுவதும் நிரப்பினேன். ஓட்டை தெரியக்கூடாது என்பதற்காக அவர் வரியின் கடைசிச் சொல்லிலேயே ஏறினேன், அடுத்த வரியின் முதல் சொல் வரை இறங்கவில்லை. சனிக்கிழமை மதியம் அவர் குரலையும் என் இரண்டு குரல்களையும் கலந்து நான்காவதில் இறக்கினேன். ஒருமுறை கேட்டேன். புல்லரித்தது. உடனே கிட்டாரை எடுத்து முதல் தடத்தில் பதிந்தேன். அவர் குரல் தனியாக இருந்த இடம் அதுதான். அடுத்த இரண்டில் கீபோர்டும் தாளமும்.

அவசரம் எதுவுமே இல்லை. ஞாயிறு காலை வரை நேரம் இருந்தது. மூன்று தடத்தையும் அப்படியே வைத்திருந்து, அவர் கேட்ட பிறகு மேலே பதிந்திருக்கலாம். நன்றாக வந்துவிட்ட மகிழ்ச்சியில் இருப்பவனுக்குக் காத்திருப்பது கடினம். அழிப்பதற்கு முந்தைய அந்த மகிழ்ச்சியை நீங்களும் உணர்வீர்கள். அப்போது மெஷினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போங்கள்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு இருவரும் பையோடு வந்தார்கள். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். தக்காளி வரி வந்தபோது அண்ணன் சிரித்தார். அதன் பிறகு சிரிக்கவில்லை. பாதியில் அக்காவைப் பார்த்தார். அக்கா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"பாட்டு ஜோராத்தான் இருக்கு தம்பி" என்றார். "நாங்க எப்பப் பாடுறது?"

"பதில்தான் அதுலயே வந்துருச்சேக்கா."

"அதத்தான் கேக்குறேன்."

எனக்குப் புரியவில்லை. அண்ணன்தான் விளக்கினார், தொண்டையைச் செருமிச் செருமி. "கூட்டம் நீளம்ப்பு. நான் பாடுறது பின்னாடி இருக்குறவனுக்குக் கேக்காது. முன்னாடி ஆளுக பதில் சொல்றதக் கேட்டுத்தான் வால்ல உள்ளவங்க சொல்லுவாங்க. வால் சொல்லி அது எங்காதுக்கு வந்து சேந்தாத்தான் அடுத்த வரி எடுப்பேன். வரலன்னா எவனோ பின்தங்கிட்டான், கூட்டம் அந்துபோச்சுன்னு அர்த்தம். நின்னுருவோம். இருட்டுல லாரி போற ரோட்டுல எனக்கு வேறெப்படித் தெரியும்?"

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தது வாலைத்தான். அந்த இடைவெளி நூறு பேருக்கானது. அதை நான் என் இரண்டு குரலால் அடைத்து வைத்திருந்தேன்.

"உன் பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "அத மட்டும் எடுத்துரு. அந்த எடம் சும்மா கெடக்கட்டும்."

நம் வேலையில் இக்கட்டு என்பது கரண்ட் போவதோ டேப் சிக்கிக்கொள்வதோ அல்ல. இக்கட்டு இப்படித்தான் வரும், நம்மை நம்பி ஒருவர் சாதாரணமாக ஒன்றைக் கேட்கும்போது. நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: 'அண்ணே, அழிச்சிட்டேன், எடுக்க முடியாது.'

"எடுத்துரலாண்ணே" என்றேன். "அது சின்ன வேலை."

கம்ப்யூட்டரில் ஏற்றி எப்படியாவது பிரித்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அதைவிடப் பெரிய காரணம், அக்கா முன்னால் அசடு வழிய மனமில்லை.

அண்ணன் பையைத் தோளில் மாட்டப் போனவர், நின்றார். "இல்ல, இன்னொருக்கா வேணா பாடிரவா? பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு. தொண்டை இன்னைக்குப் பரவால்ல."

அறையில் புதுக் கேசட் இருந்தது. மைக் ஸ்டாண்டில் இருந்தது. என் சட்டைப் பையில் போன் இருந்தது.

"வேண்டாண்ணே. ஆபரேஷனுக்கு முன்னாடி தொண்டையக் கஷ்டப்படுத்தாதீங்க" என்றேன்.

அக்கறையாகப் பேசினால் பொய்கூட நல்ல வார்த்தையாகிவிடுகிறது. அக்காவும் தலையாட்டினார். "அதுஞ் சரிதான். தம்பி சொல்றதக் கேளுங்க." படியில் இறங்கும்போது அண்ணன் இரண்டு வரியை முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் மேலேயே நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் வீண். நான்காவது தடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இடைவெளிகளை வெட்டினால் ஒவ்வொரு வரியிலும் அவருடைய முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் சேர்ந்தே வெட்டுப்பட்டன. பாட்டிலிருந்து குரலைப் பிரிக்கும் மென்பொருள்கள் வாத்தியத்திலிருந்து குரலைப் பிரிக்கத்தான் பழகியவை. மூன்று மனிதக் குரல்களில் எது அவர், எது நான் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. பிரிந்து வந்ததும் தண்ணீருக்குள் பேசுவது போலிருந்தது. ஒரு மாதம் அதிலேயே கிடந்தேன். அக்கா இரண்டு தடவை போன் செய்தார். "வேலை நடக்குதுக்கா" என்றேன் இரண்டு தடவையும்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சாணார்பட்டிக்குப் போனேன். அண்ணன் வாசலில் சேரில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துளை, அதன் மேல் வெள்ளைத் துணி. கையில் பேசுவதற்கு ஒரு போன், டைப் செய்து காட்டுவார். அக்கா கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அழித்ததை, அன்றே அது எனக்குத் தெரிந்திருந்ததை, பாடவா என்று அவர் கேட்டபோது ஏன் வேண்டாம் என்றேன் என்பதை.

அக்கா நாரைக் கீழே வைத்தார். "அன்னைக்கே சொல்லிருந்தா பாடிருப்பாருல்ல?"

"ஆமாக்கா."

"பாடுறேன்னு கேட்டாரு."

"ஆமா."

"நானும்ல ஒம் பேச்சக் கேட்டு அவர அடக்குனேன்." அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நாரை எடுத்து மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

அண்ணன் போனில் ஏதோ தட்டினார். நீட்டினார். "வரியெல்லாம் டேப்பில் புரியுதா?" என்று இருந்தது. புரிகிறது என்றேன். "நாற்பதையும் இதுல தட்ட முடியல. நீ எழுதிக் கொடு. இவ பாடுவா."

உங்களுக்கு அறிவுரையாக இதிலிருந்து நான் எடுத்துத் தரக்கூடியது கொஞ்சந்தான். ஒருவர் பாட்டில் வெறுமையாக ஒரு இடம் விட்டால், அது எதற்கென்று கேளுங்கள். உங்கள் காதுக்கு ஓட்டையாக இருப்பது அவருக்கு வேறு ஒன்றாக இருக்கலாம். பாடியவர் கேட்கும் வரை அவர் குரல் இருக்கும் தடத்தைத் தொடாதீர்கள். இரண்டையும் நீங்கள் எப்படியும் கற்றுக்கொள்வீர்கள், கருவி கற்றுக்கொடுத்துவிடும். மூன்றாவதை எந்தக் கருவியும் கற்றுக்கொடுக்காது. அழித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டிய நேரம் மிகக் குறுகியது. எனக்கு அது இரண்டு மணி நேரமாக இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் ராசு அண்ணனிடம் குரல் இருந்தது. தடத்தை அழித்ததற்காக நான் இன்று வருந்துவதைவிட அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக வருந்துவது அதிகம்.

அந்தத் தைக்கு நானும் நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். ராசு அண்ணன் முன்னால் நடந்தார். பக்கத்தில் பாண்டியம்மா அக்கா நான் எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாடினார். அவருக்கு அது பழக்கமில்லை. சில வரிகள் மெட்டுக்கு வெளியே போயின. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்னால் போய் அவர்கள் முகத்தைப் பார்த்தபடி நடக்க எனக்குத் தைரியமில்லை, அதனால் வாலில் சேர்ந்துகொண்டேன். அங்கே அண்ணன் சொன்னபடியேதான் இருந்தது. பாடுகிறவர் குரல் வந்து சேரவில்லை. முன்னாலிருந்து பதில் மட்டும் அலையாக வரும். அது எங்களைத் தொட்டதும் நாங்கள் சொல்வோம்.

ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில், காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நடந்த ஒரு அம்மா என்னிடம் பேச்சுக் கொடுத்தார். முழங்கால் வலிக்காரர், எப்போதும் வாலில்தான் வருவாராம்.

"நீதான் ராசு பாட்ட டேப்புல புடிச்ச பையனாமே?"

"ஆமாம்மா."

"அவரு அப்பிடி என்னதான் பாடுவாரு? பன்னெண்டு வருசமா வாரேன். எனக்கு ஒரு வரி கேட்டதில்ல. பதிலச் சொல்லிக்கிட்டே வந்துருவேன்."

ஒரு மாதம் வெட்டியும் ஒட்டியும் பார்த்ததில் நாற்பதும் எனக்கு மனப்பாடம். கொப்புள வரியைச் சொன்னேன். "அட, என்னியத்தான் பாடிருக்காரு" என்று சிரித்தார். தக்காளி வரியைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "அவரு வாயால கேட்டுருக்கணும்" என்றார். என்னைக் குத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது.

நான் அடுத்த வரியை ஆரம்பித்தேன்.

"இரு, இரு" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். தலையைச் சாய்த்து முன்பக்கம் காது கொடுத்தார். பதில் இன்னும் எங்கள் வரைக்கும் வந்திருக்கவில்லை.